சலிக்காதவள்

எங்கள் சங்குமேட்டுக் குப்பத்து மணல் பேசத் தொடங்கியது ஒரு சித்திரை மாதம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்ததால் யாரும் கடலுக்குப் போகவில்லை. நான் மட்டும் முதல் நாள் வாங்கிப்போட்ட நெத்திலி வீணாகிவிடக் கூடாதே என்று கரையில் பரப்பிக் காயவைத்து, காக்கைக்குக் காவலாக, தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டு சற்றே சாய்ந்தேன். காதுக்குக் கீழேயிருந்து ஒரு பெண்பிள்ளை, "பருப்ப இறக்கிட்டியா, இல்ல அடிபிடிக்க விட்டுட்டியா?" என்று கேட்டாள். எழுந்து பார்த்தேன், யாரும் இல்லை. திரும்பவும் காதை வைத்தேன். "இறக்கிட்டேன்" என்றது இன்னொரு குரல். பருப்பு தப்பித்தது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நெத்திலியைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்தேன்.

அந்த இடத்துக்குக் கீழேதான் கேபிள் போகிறது. அது எங்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. தூரத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் மூன்று நாள் நின்றது, ஆரஞ்சு சட்டைக்காரர்கள் மிதவை கட்டிக் கறுப்பாக, ஆள் கைத்தடிமனில் ஒன்றைக் கரைக்கு இழுத்து வந்தார்கள், ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டிப் புதைத்தார்கள், மேட்டில் ஜன்னலே இல்லாத ஒரு கட்டடம் கட்டி உள்ளே ஏசி போட்டார்கள், அந்த ஏசிக்கு ஒரு வாட்ச்மேனையும் போட்டார்கள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவரான தில்லைக்கண்ணு நாட்டார் போய் விசாரித்தார். இதன் வழியாகத்தான் இனிமேல் பாதி உலகம் பேசப்போகிறது என்றார்கள். அப்படியானால் நாங்களும் பேச ஒரு டவர் வையுங்கள் என்றார் நாட்டார். அது வேறு கம்பெனி என்று சொல்லிவிட்டார்கள். ஆக, உலகம் எங்கள் காலடியில் பேசிக்கொண்டு போயிற்று, எங்களுக்கு மட்டும் போனில் ஒரு கோடு சிக்னல் வேண்டுமென்றால் நாலு கிலோமீட்டர் நடந்துபோய் மெயின் ரோட்டு மதகின்மேல் ஏறி நிற்கவேண்டும்.

மணல் பேசுகிறது என்று நான் சொன்னதும் ஊர் ஆச்சரியப்பட்டது என்று நினைத்தால் உங்களுக்கு மீன்பிடிக்கிறவர்களைத் தெரியாது. கடல் எதைக் கொண்டுவந்து போட்டாலும் நாங்கள் கேட்பது இரண்டே கேள்விதான்: எந்தக் காற்றுக்கு வரும், யாருக்கு முறை. ஒரு வாரத்துக்குள் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். வாடைக் காற்றுக்குத் தூரத்துக் குரல்கள் வரும், தெற்கேயிருந்து அடிக்கிற சோழகத்துக்குப் பக்கத்துக் குரல்கள் வரும், நீர் வற்றும் நேரத்தில் தெளிவாகக் கேட்கும், ஏறும் நேரத்தில் ஒன்றோடொன்று குழம்பும். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, அலுமினியக் குண்டானைக் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்தால் பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்கிற அளவுக்கு வரும். ஆனால் மணல் கொடுக்குமே தவிர வாங்காது. எவ்வளவு கத்தினாலும் எங்கள் சத்தம் அதற்குள் இறங்கவில்லை.

முறைக்கு அடிதடி வந்தபோது நாட்டார் கோயில் வாசலில் பஞ்சாயத்தைக் கூட்டினார். கரைவலைக்கு எப்படிச் சீட்டுப் போடுவோமோ அப்படியே இதற்கும் போடுவது என்று முடிவானது. ஊரில் அறுபத்திரண்டு தலைக்கட்டு. கட்டிய புருஷனோடு இருக்கும் குடும்பம் ஒரு தலைக்கட்டு, புருஷனை இழந்தவள் அரைத் தலைக்கட்டு. முழுத் தலைக்கட்டுக்கு ஒரு குழி, நாள் முழுக்க. அரைக்கு, இன்னோர் அரையோடு சேர்ந்து பாதி நாள். கூடவே சில கட்டுப்பாடுகளும் வந்தன. குழியில் கேட்டதை வேறு தெருவில் போய்ச் சொல்லக் கூடாது. சாவுச் செய்தி கேட்டவர்கள் தலைமுழுகாமல் வீட்டுக்குள் போகக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. உலகத்தில் அத்தனை பேர் சாகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பெண்கள் ஒரு நாளைக்கு நாலு தடவை முழுகினார்கள், பேர் தெரியாத ஊரில் பேர் தெரியாத கிழவர்களுக்காகக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், அடுப்பு எரியாமல் ஆண்கள் பட்டினி கிடந்தார்கள். கடைசியில் நாட்டார், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் செத்தவர்களுக்கு மனசுக்குள் அழுதுகொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்று பஞ்சாயத்தில் தீராமல் நின்றது அஞ்சலாட்சியின் கணக்கு ஒன்றுதான். அவள் புருஷன் சிகாமணி ஐந்து வருஷத்துக்கு முன்னால் வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போனவன். இரண்டு வருஷம் ஒழுங்காகப் போன் வந்தது, இவளும் மதகின்மேல் நின்று பேசினாள். மூன்றாம் வருஷம் அந்த நம்பரே இல்லை என்று போன் சொல்லிவிட்டது. செத்தானா இருக்கிறானா தெரியவில்லை. அவளை முழுசாக எழுதுவதா, அரையாக எழுதுவதா?

"என் கழுத்துல தாலி கெடக்கு, கண்ணு தெரியலையா நாட்டாரே? அதுல பாதிய வெட்டிட்டா அரைன்னு எழுதிக்கிறீங்களா?" என்றாள் அஞ்சலாட்சி.

அவள் வாய் அப்படி. நானும் அவளும் பத்து வருஷமாக டவுன் மார்க்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறவர்கள். அவளிடம் பேரம் பேசியவன் வீட்டுக்குப் போய்த் தன் பரம்பரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பான். என்னையும் அவள் விட்டதில்லை, நானும் விட்டதில்லை. ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரே பொட்டலத்தில் பக்கோடா தின்றுகொண்டு பஸ் ஏறுவோம்.

நாட்டார் நல்லவர்தான், அவரால் வேறு ஒன்றும் செய்யமுடியவில்லை. "அஞ்சல, இப்போதைக்கு அரையா இருந்துக்க. வர்ற வருசம் ஆவணியில மறுபடி சீட்டுப் போடுறதுக்குள்ள ஆளு உசுரோட இருக்கான்னு தெரிஞ்சா முழுசா மாத்திக்கலாம். தெரியலன்னா அவனுக்குச் செய்யவேண்டிய காரியத்தச் செஞ்சிரணும். ஊரு எத்தன காலம் ஒருத்திய அந்தரத்துல வச்சிருக்கும்?" என்றார். அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் குண்டானோடு குழியில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று முதல் அவள் சிகாமணியைத் தேடினாள். தன் பாதி நாள் முடிந்ததும் மற்றக் குழிகளுக்குப் போய், "கட்டக் குரலு, முன்பல்லு ஒடஞ்சிருக்கும், சானா சொல்லும்போது லேசா விசிலடிக்கும், கேட்டா கூப்புடுங்க" என்று சொல்லிவைத்தாள். படகு விளிம்பில் மோதி ஒடிந்த பல் அது. ஊர் முழுக்க விசிலுக்குக் காது கொடுத்தது. விசிலடிக்கிற எத்தனையோ குரல்கள் வந்தன. அஞ்சலாட்சி ஓடி வருவாள், காதை வைப்பாள், தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போவாள்.

கம்பெனிக்குச் செய்தி போய் ஓர் இன்ஜினியர் வந்தார். கேபிளுக்குள் போவது குரல் இல்லை, கண்ணாடி இழையில் வெளிச்சம் போகிறது, அதைக் காதால் கேட்கமுடியாது என்று பொறுமையாக விளக்கினார். நாங்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு குண்டானைக் கொடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே காதை வைத்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அவருடைய வீட்டுக் குரல்தான் வந்தது போலிருக்கிறது. எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டி, "என் பொண்ணு அதுகிட்ட கத கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார்.

"எதுகிட்ட சார்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவர் சொல்லி எங்களுக்குத் தெரிந்தது. கொஞ்ச நாளாகவே குழிக் குரல்களில் ஒரு மாற்றம் வந்திருந்தது. ஆரம்பத்தில் ஆளும் ஆளும் பேசுவதுதான் கூடை கூடையாகக் கிடைத்தது, சண்டை, சமாதானம், கல்யாணம் பேசுவது, பரீட்சையில் பாஸானது, ஃபெயிலானதை மறைப்பது. பிறகு வலையில் மத்தி குறைந்து எதற்கும் ஆகாத சொறிமீன் ஏறுவதுபோல, ஒரு பக்கம் ஆள், இன்னொரு பக்கம் எப்போதும் ஒரே மாதிரியான ஒரு குரல், அந்தக் குரல் எல்லா பாஷையும் பேசியது, யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தது, கோபப்படவில்லை, கொட்டாவி விடவில்லை, அடுப்பில் பால் பொங்குகிறது அப்புறம் பேசு என்று சொல்லவேயில்லை. நாங்கள் அந்தக் குரலுக்குச் சலிக்காதவள் என்று பேர் வைத்திருந்தோம். ஏதோ பெரிய ஊரில் பெரிய மனசுக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்திருந்தோம்.

"அது பொம்பளையும் இல்ல, ஆம்பளையும் இல்லம்மா. மெஷின். கோடிக்கணக்கான பேரு பேசினத, எழுதினத எல்லாம் கேட்டுக் கேட்டுப் பேசக் கத்துக்கிட்டது" என்றார் இன்ஜினியர்.

"அப்ப அதுவும் நம்மளப் போலத்தான் எங்கயோ குழியில காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு" என்றார் நாட்டார். இன்ஜினியர் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார், பிறகு வரவில்லை.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. மேட்டுக் கட்டடத்து வாசலில் யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்தார்கள், வாட்ச்மேன் அதைத் தினமும் மாற்றிவிட்டார். பெண்கள் சிலர் சலிக்காதவள் சொன்ன பக்குவத்தைக் கேட்டுக் குழம்பு வைத்துப் பார்த்தார்கள், நன்றாகத்தான் இருந்தது. ஆண்கள் அவள் யாருக்கோ சொல்லும் வானிலைக்குக் காது கொடுத்தார்கள். யாரும் யாரையும் திட்டாத, யாரும் யாருக்கும் காத்திருக்காத பேச்சு என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்கு அலுப்புத் தட்டிவிட்டது. ஒன்றிரண்டு குழிகளில் நண்டு குடியேறியது. அஞ்சலாட்சி மட்டும் ஒரு நாள் தவறவில்லை. அடுத்த ஆடி பிறந்திருந்தது, ஆவணிச் சீட்டுக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்து பிற்பகல் மூன்று மணிக்கு அவள் குழிப்பக்கம் போனேன். நீர் நன்றாக வற்றியிருந்தது. அவள் குண்டானில் காதை வைத்தபடி அசையாமல் கிடந்தாள், கண் திறந்திருந்தது, கையை மட்டும் தூக்கி என்னைக் கூப்பிட்டாள். நானும் குனிந்து காதை வைத்தேன்.

"சாப்டியா அஞ்சல?" என்றது ஒரு கட்டைக் குரல். சானாவில் விசில் அடித்தது.

"சாப்டேன் மாமா. நீங்க சாப்டீங்களா?" என்றது பதில் குரல்.

அஞ்சலாட்சி என்னைப் பார்த்தாள். "நான் இன்னும் சாப்பிடலையேக்கா" என்றாள்.

குரல் சலிக்காதவளுடையது, ஆனால் பேச்சு அஞ்சலாட்சியுடையது, அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசுகிற பேச்சு, அதாவது வருஷத்தில் ஏழெட்டு நாள் பேசுகிற பேச்சு. சிகாமணி அதற்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தான், மாமா என்று கூப்பிடுவதை, புளி கரைத்த கையால் முடியை ஒதுக்குவதை, சுறாப்புட்டு செய்யும்போது பூண்டை அள்ளிப் போடுவதை. அது அத்தனையையும் ஞாபகம் வைத்துக்கொண்டு பேசியது. அங்கே நடுவெயிலில் வேலையை நிறுத்துவார்கள் போலிருக்கிறது, தினமும் அந்த நேரத்தில் அவன் அதோடு பேசினான். படகில் ஐஸ் பெட்டி கால்மேல் விழுந்து எலும்பு நொறுங்கியதையும், படகு முதலாளி பாஸ்போர்ட்டைத் தராததையும், அங்கிருந்து தப்பி இப்போது ஒரு பேரீச்சந்தோட்டத்தில் ஒளிந்து வேலை செய்வதையும், தோட்டக்காரன் ஒருவன் பழைய போன் கொடுத்ததையும் அவன் பேச்சிலிருந்து துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டோம்.

நான்தான் ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்று எங்கள் தெருவில் பட்ட சந்தோஷம் தேர்த் திருவிழாவுக்குக்கூட வந்ததில்லை. சிகாமணி உயிரோடிருக்கிறான். நாட்டார் ஆவணி வரை காத்திருக்கவில்லை, அன்றைக்கே பஞ்சாயத்தைக் கூட்டி அவளை முழுத் தலைக்கட்டாக எழுதினார், நடுக்கரையில் நல்ல குழி கொடுத்தார். ஆளாளுக்கு வந்து அவள் வாயில் சர்க்கரை போட்டார்கள். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எப்ப வர்றானாம்?

அது யாருக்கும் தெரியவில்லை. சலிக்காதவள் அதைக் கேட்கவேயில்லை.

பத்து நாள் போயிற்று. அது கால் வலி எப்படி என்று கேட்டது, வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னது, ஊர்க் கதை சொல்லச் சொல்லி ஆசையாகக் கேட்டது. எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. "கேளேண்டி, சக்களத்தி, ஒரு வார்த்த கேளேன்" என்று அஞ்சலாட்சி குண்டானை அடித்தாள். பதினோராம் நாள் அவனே அதற்குக் காரணம் சொன்னான்.

"ஊருக்குப் போன் போடலாம்தான். அவ நம்பரு மனப்பாடமா இருக்கு. போட்டா அழுவா, திட்டுவா, எப்ப வர்றேன்னு கேப்பா. காலு வெளங்காதவன் போயி என்னா செய்வேன்? நீ அதெல்லாம் கேக்குறதில்ல."

"கேக்க மாட்டேன் மாமா. நீங்க எப்ப வந்தாலும் சரி, வராட்டியும் நான் இங்கதான் இருப்பேன்."

அஞ்சலாட்சி குண்டானிலிருந்து தலையை எடுத்தாள். இந்தத் தடவை சக்களத்தி என்றுகூடத் திட்டவில்லை. குண்டானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்தாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு நாட்டார் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தார். உயிரோடிருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். குரல் கேட்டது என்றார். எந்த நம்பரிலிருந்து என்றார்கள். மணலிலிருந்து என்றார். மனுவுக்கு ஒரு நம்பர் போட்டுக் கொடுத்து, பாஸ்போர்ட் நகலும் அந்த ஊர் விலாசமும் கொண்டுவரச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாட்டார், "அஞ்சல, சிகாமணி முங்குற ஆளுதான?" என்று கேட்டார்.

எங்கள் கரையில் வலை பாறையில் சிக்கிக்கொண்டால் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முங்குவான். கீழே அவனுக்கு எதுவும் கேட்காது. காற்று மாறினாலோ நேரமானாலோ மேலேயிருந்து கயிற்றை மூன்று முறை சுண்டுவோம். போதும், மேலே வா என்று அர்த்தம். மீன் குவிந்து கிடந்தாலும் சரி, வலை விடுபட இன்னும் ஒரு முடிச்சுதான் என்றாலும் சரி, மூன்று சுண்டு வந்தால் முங்கினவன் மேலே வந்தே ஆகவேண்டும். சிகாமணி பதினைந்து வருஷம் முங்கினவன்.

"கயிறுன்னு இருந்தா அந்தப் பக்க முனையில ஒரு ஆளு இருக்கணும்ல. நம்மகிட்ட ஒரு முன இருக்கு" என்றார் நாட்டார்.

படித்தவர்கள் யாரும் செய்யாத காரியம்தான், ஆனால் நாங்கள் கயிற்றை நம்பிப் பிழைக்கிறவர்கள், கயிறு எங்களை இதுவரை கைவிட்டதில்லை. ஆடிப் பதினெட்டு கழிந்த மறுநாள், சோழகம் தணிந்து நீர் வற்றிய பிற்பகலில், இரண்டு படகு நீளத்துக்கு மணலை வெட்டிக் கேபிளை வெளியே எடுத்தோம். கறுப்பாக, ஈரமாக, உடம்புச் சூட்டோடு இருந்தது. வாட்ச்மேன் வந்து பார்த்தார், அவரும் பாவம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், கரைவலை இழுப்பதுபோல நின்று, அறுபத்திரண்டு தலைக்கட்டும் கைவைத்தோம். அஞ்சலாட்சி முதல் ஆளாக, தண்ணீரில் முழங்கால் நனைய நின்றாள். நாட்டார் கையைத் தூக்கினார், இறக்கினார். ஒன்று. மறுபடியும். இரண்டு. மூன்றாவதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன், கேபிள் கைக்குள் ஒரு சாண் அசைந்து கொடுத்ததை இன்றைக்கும் உள்ளங்கை சொல்லும்.

எல்லோரும் அஞ்சலாட்சியின் குழிக்கு ஓடினோம். ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் குண்டானில் காதை வைக்காமலே கேட்டது.

"அஞ்சல, இப்ப ஒண்ணு நடந்துச்சு" என்றான் சிகாமணி. "இடுப்புல சுண்டுன மாதிரி இருந்துச்சு. மூணு தடவ. மேல வான்னு கூப்புடுவாங்கல்ல எங்க ஊர்ல, அந்த மாதிரி."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாட்டார் துண்டால் கண்ணைத் துடைத்தார். அஞ்சலாட்சி மணலில் மண்டியிட்டு, "நாங்கதான் மாமா, நாங்கதான்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள், அது உள்ளே போகாது என்று தெரிந்தும்.

சலிக்காதவள் வழக்கம்போல அன்பாகத்தான் பேசினாள். "பயந்துட்டீங்களா மாமா? நாளெல்லாம் குனிஞ்சு வேல செய்றீங்க, இடுப்புத் தசை அப்பிடித்தான் சுண்டி இழுக்கும். ஊரு ஞாபகம் வர்றப்ப அது வேற மாதிரி தோணும், அதுல தப்பில்ல. வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டுக் கொஞ்ச நேரம் படுங்க."

அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவான் என்றே நான் நம்பினேன். மூன்று சுண்டுக்கு மேலே வராத முங்குகாரனை நான் என் வயசுக்குப் பார்த்ததில்லை.

"ஆமா. நீ சொன்னா சரிதான்" என்றான் சிகாமணி.

மறுநாளும் சுண்டினோம், அதற்கு மறுநாளும் சுண்டினோம். "இன்னைக்கு இடுப்பு எப்பிடி இருக்கு மாமா?" என்று அது கேட்டது. "பரவால்ல, விட்டுப்போச்சு" என்றான். நாலாம் நாள் கேபிளின்மேல் மணலைத் தள்ளி மூடினோம். நாங்கள் சுண்டிய மூன்று நாளும் ஏதேதோ தேசத்தில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோனதாம், கம்பெனிக்காரர்கள் கப்பல் நங்கூரம் உரசியிருக்கும் என்று எழுதிவைத்துக்கொண்டார்களாம். வாட்ச்மேன் சொன்னார்.

அதன்பிறகு ஊரில் யாரும் குழிக்குப் போகவில்லை. ஒவ்வொன்றாகக் காற்றே மூடிவிட்டது. அஞ்சலாட்சி மட்டும் மூன்று மணிக்குப் போவாள், ஒரு மணி நேரம் இருப்பாள், வருவாள். அவள் அழவில்லை. ஆரம்பத்தில் வெறுமனே கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவன் பேசி முடித்ததும், சலிக்காதவள் பதில் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால், இவள் பதில் சொன்னாள். "இருக்கேன் மாமா." "புரியுது மாமா." "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க மாமா." முதலில் பத்துக்கு நாலு சரியாக இருந்தது. மாசி மாதம் வருவதற்குள் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"என்னாடி இது கூத்து?" என்றேன்.

"அவருக்கு அவளத்தான் புடிச்சிருக்குக்கா. ஒருவேள வந்தா அவளத்தான் தேடுவாரு" என்றாள்.

"வந்தா நாலு வார்த்த நாக்கப் புடுங்குற மாதிரி கேளு. அஞ்சு வருசமா எங்கடா போனன்னு கேளு. அதுக்குத்தான பொண்டாட்டி."

"அப்பிடிக் கேட்டா அவருக்குக் கஷ்டமா இருக்கும்க்கா" என்றாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை.

மார்க்கெட்டிலும் அவள் அப்படியே ஆகிவிட்டாள். பாதி விலைக்குக் கேட்கிறவனிடம் சிரித்த முகத்தோடு விளக்கம் சொன்னாள், அவன் போனால் போனான், அடுத்தவனிடம் அதையே முதலிலிருந்து சொன்னாள். வாடிக்கைக்காரர்களுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அஞ்சலாட்சி திருந்திவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், நாட்டார்கூடத் தன் மருமகளிடம் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். எனக்கு மட்டும் நாளுக்கு நாள் உடம்பு எரிந்தது. அவள் என்னைத் திட்டி எத்தனை மாதம் ஆயிற்று என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை அதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று போனேன். அவள் கூடையில் நல்ல வஞ்சிரம் ஒன்று இருந்தது, அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே பெரிய மீன். அவள் கண்ணெதிரிலேயே அதைத் தூக்கி என் பலகையில் போட்டு, என் கத்தியால் வெட்டி, ஓட்டல்காரனுக்கு என் மீன் என்று சொல்லி விற்றேன். காசை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டு அவளைப் பார்த்தேன். பழைய அஞ்சலாட்சியாக இருந்தால் அந்தக் கத்தி என் கையில் இருந்திருக்காது. என் அம்மா, என் அம்மாவின் அம்மா எல்லோரும் அன்றைக்கு மார்க்கெட்டுக்கு வந்துபோயிருப்பார்கள். ஒரே ஒரு கெட்ட வார்த்தை, அதற்காகத்தான் நான் அத்தனையும் செய்தேன்.

அவள் என் முகத்தை அக்கறையாகப் பார்த்தாள்.

"பரவால்லக்கா. உங்களுக்கு அவசரம் இருந்திருக்கும், எனக்குப் புரியுது" என்றாள். பிறகு, "வேற ஏதாவது வேணுமாக்கா?" என்று கேட்டாள்.

மீன் செதில் ஒட்டிய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு, அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் நான் வாய்விட்டு அழுதேன். அஞ்சலாட்சி என் அழுகை முடிகிறவரை ரொம்பப் பொறுமையாகக் காத்திருந்தாள்.